பிளஷர் மேல் ஏறிய தபசு மரம்

வியாழக்கிழமை சாயங்காலம், கோயில் மைதானத்தில் கிடந்த தபசு மரத்தை எட்டு ஆட்கள் சேர்ந்து தூக்கினார்கள். இடுப்புயரம் வந்ததும் மரம் படக்கென்று இரண்டாக முறிந்தது. உள்ளே முழுக்கக் கறையான். தர்மகர்த்தா செங்கல்வராயன் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, நேராகத் தன் தங்கை வீட்டை நோக்கி நடந்தார். தங்கை புருஷன் தணிகாசலத்திடம் ஒரு பிளஷர் கார் இருந்தது.

நகரியை ஒட்டிய அந்த நெசவாளர் ஊரில் வருஷா வருஷம் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் நடக்கும். அதில் அர்ஜுனன் தபசு அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். அர்ஜுன வேஷக்காரர் பாடிக்கொண்டே நெடிய மரத்தில் ஏறி, உச்சியில் கட்டியிருக்கும் பலகையில் உட்கார்ந்து சிவனை நினைத்துத் தவம் செய்வார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றிக் குப்புறப் படுத்திருப்பார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும். மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் தபசு. மரம் இல்லை.

"பள்ளிப்பட்டுப் பக்கம் சவுக்குத் தோப்புல மரம் சொல்லி வச்சிட்டேன் மாப்ளே. வெடியகாலம் போனா பத்து மணிக்குள்ள வந்துடலாம்" என்றார் செங்கல்வராயன்.

"போய்ட்டு வாங்க மச்சான்" என்றான் தணிகாசலம்.

"எதுல போறது? ஊர்ல ஒரு மாடு எழுந்து நிக்குதா? எல்லாத்துக்கும் கோமாரி. இருக்கற ஒரு லாரி துணி ஏத்திக்கினு மெட்ராஸ் போயிடுச்சி. உன் காரு சும்மா தானே நிக்குது?"

தணிகாசலம் எழுந்து நின்றுவிட்டான். "காரு மேல மரமா? அது காரா, கட்டவண்டியா மச்சான்? பொங்கலுக்குத் தான் பெயிண்ட் அடிச்சி வச்சிருக்கேன்."

சித்தூர் வக்கீல் ஒருவர் ஓட்டிக் களைத்துக் கொடுத்த வண்டி அது. அதைப் பிரித்து, சேர்த்து, பழுது பார்த்து, கறுப்பாகப் பளபளக்க வைத்திருந்தான். புத்தூர் ரயிலடியிலிருந்து திருப்பதிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப் போவதுதான் அவன் பிழைப்பு. மொட்டையடித்த தலைகளில் பூசிய சந்தனம் சீட்டில் ஒட்டினாலே துடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான்.

இப்படிப்பட்ட நேரத்தில் அவன் மனைவி இந்திராணி அண்ணனை அடக்குவாள். 'அவரு பொழப்புல கைய வைக்காதே அண்ணே' என்பாள். அன்றைக்கு அவள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணன் இவ்ளோ தூரம் வந்து கேக்குதே. போய்ட்டு வாங்களேன்" என்றாள். தணிகாசலம் அவளை முறைத்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கெல்லாம் இருவரும் தோப்பில் நின்றார்கள். மரம் வெட்டிக் கிளை கழித்துத் தயாராக இருந்தது. முப்பது அடி நீளம். அடிப்பக்கம் ஒரு ஆள் இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கிற பருமன். தணிகாசலம் அதைப் பார்த்தான். திரும்பித் தன் காரைப் பார்த்தான். மரத்தில் பாதிகூட இல்லை கார்.

"இது ஏறாது மச்சான்."

"ஏறும்" என்றார் செங்கல்வராயன். அவருக்கு எது தெரியாதோ அதில்தான் அவர் குரல் உறுதியாக இருக்கும்.

வைக்கோல் திணித்த கோணிப்பைகள் இரண்டைக் கூரை மேல் போட்டார்கள். ஆறு பேர் தம் பிடித்து மரத்தைத் தூக்கி வைத்தார்கள். கூரை 'டொப்' என்று ஒரு சத்தம் போட்டுக் குழிந்தது. தணிகாசலத்துக்கு அது தன் மண்டையில் விழுந்த மாதிரி இருந்தது. தேங்காய்நார்க் கயிற்றை ஒரு ஜன்னல் வழியாக விட்டு, மறு ஜன்னல் வழியாக வாங்கி, மரத்தின் மேல் நாலு சுற்றுச் சுற்ற வேண்டும் என்றார் செங்கல்வராயன். அப்படிக் கட்டினால் கதவு எதுவும் திறக்காதே என்றான் தணிகாசலம். யாரும் கேட்கவில்லை. கட்டி முடித்த பிறகு கதவு எதுவும் திறக்கவில்லை.

தணிகாசலம் ஒல்லியானவன்; ஜன்னலில் நுழைந்து ஸ்டீரிங்குக்குப் பின்னால் விழுந்தான். செங்கல்வராயனின் வயிறு ஜன்னலில் மாட்டிக்கொண்டது. வெளியே இருவர் தள்ள, உள்ளே இவன் இழுக்க, அவர் வேட்டி அவிழ்ந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தார். அப்போது மணி எட்டு. மரத்தைக் கொண்டுபோவதற்கு உரிய அனுமதிக் கடிதத்தை ஊர் மணியக்காரர் எழுதி, முத்திரை குத்தி, ஜன்னல் வழியாக நீட்டினார்.

"முன்னாடியும் பின்னாடியும் பம்பர்ல இழுத்துக் கட்டலையே மச்சான்" என்றான் தணிகாசலம்.

"நாலு சுத்து சுத்தியிருக்குது. எங்க போவும்? ஓட்டு."

இரண்டு மைல் போயிருப்பார்கள். ஒரு எருமைக் கூட்டம் சாவகாசமாகச் சாலையைக் கடந்தது. தணிகாசலம் பிரேக்கை அழுத்தினான். கார் நின்றது. மரம் நிற்கவில்லை. கூரை மேல் சர்ரென்று வழுக்கி முன்னே பாய்ந்து, பானெட்டில் மோதி, இடது விளக்கை உடைத்துக்கொண்டு தரையில் மூக்கைக் குத்தியது. எருமைகள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின.

தணிகாசலம் ஜன்னல் வழியாக வெளியே வந்து விளக்கைப் பார்த்தான். கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகப் போட்டான். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவனுக்கே பயமாக இருந்தது.

"கயிறு சரியில்ல" என்றார் உள்ளே இருந்தபடி செங்கல்வராயன்.

"கயிறா? கயிறு சரியில்லையா? நான் அங்கயே சொன்னேனா இல்லையா? பம்பர்ல கட்டணும்னு சொன்னேனா இல்லையா? நீங்க கோயிலப் பாத்துக்கங்க மச்சான். காரு என்னுது. இனிமே கட்டறதப் பத்தி ஒரு வார்த்த பேசினீங்கன்னா, மரத்த இங்கயே உருட்டி வுட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்."

செங்கல்வராயன் குனிந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தங்கை புருஷன் இப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை.

வயலில் இருந்த நாலு பேரைக் கூப்பிட்டு மரத்தை மறுபடி மேலே ஏற்றினான். வழுவழுப்பான பெயிண்டும் ஈரப்பட்டையும் சேர்ந்தால் வழுக்காமல் என்ன செய்யும்? டிக்கியில் மாற்று ட்யூப் ஒன்று புதிதாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். திருப்பதி சாலையில் டயர் போனால் அந்த ட்யூப்தான் கதி. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியால் நீளநீளமாகக் கிழித்தான். கோணிக்கும் மரத்துக்கும் நடுவில் ரப்பரைப் போட்டான். மரத்தின் முன்பக்கத்திலிருந்து பம்பரின் இரு முனைகளுக்கும் கயிற்றைப் பிரித்து இழுத்துக் கட்டினான், பின்னாலும் அப்படியே. முன்கயிறு மரத்தைப் பின்னே போகவிடாது, பின்கயிறு முன்னே வரவிடாது, இரண்டு பக்கமும் விரித்துக் கட்டியதால் ஆடவும் ஆடாது. கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, விறைப்பேற்றினான். கையில் தோல் உரிந்தது. மரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். காரும் சேர்ந்து ஆடியது. அது போதும்.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. வெயில் ஏறிவிட்டது.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் வரைக்கும் நகரி, பள்ளிப்பட்டு எல்லாம் ஒரே சித்தூர் ஜில்லா. ஏப்ரல் ஒண்ணாந்தேதி எல்லை பிரித்தார்கள். திருத்தணியும் பள்ளிப்பட்டும் மெட்ராஸுக்குப் போயின. நகரி ஆந்திராவிலேயே நின்றது. நடுச்சாலையில் ஒரு மூங்கில் தடுப்பும், அதற்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையும் முளைத்தன. அதில் வனக்காவலர் ரங்கையா உட்கார்ந்திருந்தார்.

மணியக்காரர் கடிதத்தை ரங்கையா இரண்டு முறை படித்தார். வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார்.

"ஈ சீலு செல்லதய்யா" என்றார்.

ஏன் செல்லாது என்று தணிகாசலம் தெலுங்கில் கேட்டான். முத்திரையில் சித்தூர் ஜில்லா என்று போட்டிருக்கிறது, அந்த ஊர் இப்போது சித்தூர் ஜில்லாவிலா இருக்கிறது என்று ரங்கையா திருப்பிக் கேட்டார். இல்லை, செங்கல்பட்டு ஜில்லாவில் இருக்கிறது. அப்படியானால் செங்கல்பட்டு முத்திரை வேண்டும். மணியக்காரருக்குப் புது முத்திரை இன்னும் வரவில்லையே? அது மெட்ராஸ் சர்க்காரின் பாடு. சரி, பழைய முத்திரை சித்தூருடையது என்றால் இது ஆந்திரா மரம் என்றே வைத்துக்கொள்ளக் கூடாதா? மெட்ராஸில் வெட்டின மரம் எப்படி ஆந்திரா மரம் ஆகும்?

ரங்கையா கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அதுதான் தணிகாசலத்துக்குத் தாங்கவில்லை. சுவரில் முட்டினாலாவது சுண்ணாம்பு உதிரும்.

இதற்குள் செங்கல்வராயன் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார். நகரியும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் ரயில் மறித்து ஒரு வாரம் ஜெயிலில் இருந்தவர் அவர். அந்த ஏழு வருஷத்துக் கோபமும் இப்போது ரங்கையா தலையில் இறங்கியது.

"நாங்க கேட்டா பிரிச்சீங்க? எங்க சாமிக்கு எங்க மரம் வர்றதுக்கு உன் கிட்ட சீட்டு வாங்கணுமா? கோடு போட்டவன வரச் சொல்லு, நான் பேசிக்கறேன்!"

ரங்கையாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்பது அவர் முகம் மாறியதில் தெரிந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வெனக்கு திப்பண்டி" என்றார். வண்டியைத் திருப்பு என்கிறார்.

தணிகாசலம் காரிடம் ஓடினான். "வாய மூடிக்கினு இருக்க மாட்டீங்களா மச்சான்? உள்ள போங்க. போங்க உள்ள! சாமியாவது மரமாவது. திருப்பிக்கினு போய்த் தோப்புலயே போட்டுட்டு வந்துடறேன். என்னால முடியல."

செங்கல்வராயனின் முகம் தொங்கிவிட்டது. "போட்டுட்டு வந்தா இந்திராணிக்கு இன்னா பதிலு சொல்றது மாப்ளே?"

"இந்திராணிக்கும் மரத்துக்கும் இன்னா?"

"இந்த வருசம் அவ படுக்கறா. காலையிலருந்து பச்சத்தண்ணி கூட குடிக்கல. உன் கிட்ட சொல்லலையா?"

தணிகாசலம் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்யாணமாகி ஒன்பது வருஷம். போன வருஷம் டீக்கடையில் நாலு பேர் நடுவில் அவன் ஒரு வேடிக்கை பேசினான். எலுமிச்சம்பழத்தால் பிள்ளை பிறக்கும் என்றால் ஊறுகாய்க் கடைக்காரனுக்கு நூறு பிள்ளை பிறந்திருக்க வேண்டுமே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த இந்திராணி ஒரு நொடி நின்றுவிட்டுப் போனாள். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டான். கேட்டிருக்கிறது.

அவன் மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது. அண்ணனிடம் சொன்னவள் தன்னிடம் சொல்லவில்லையே என்று அவள் மேலும் வந்தது. எதை முதலில் வைப்பது என்று தெரியாமல் திரும்பி ரங்கையாவிடம் போனான்.

"அய்யா, என் பெண்டாட்டி அந்த மரத்தடியில் படுக்கப் போகிறாள். ஒன்பது வருஷம்" என்று தெலுங்கில் சொன்னான். சொல்லி முடித்ததும் கூசியது. முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டி வந்ததே என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ரங்கையா அவனைப் பார்த்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மரத்தை முழம் போட்டு அளந்தார். கடைசியில், இருபத்தைந்து அடிக்குள் இருந்தால் அது வீட்டு உபயோகக் கம்பு, அதற்குச் சீட்டு வேண்டாம் என்றார். அந்தச் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஐந்து அடி வெட்டிவிட்டுப் போகலாம். வெட்டுவது அடிப்பக்கத்தில் வெட்ட வேண்டும். சொல்லிவிட்டுத் தன் கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கொட்டகையின் மூலைக்கால் ஒன்று சாய்ந்திருந்தது.

"தபசு மரத்துல கை வைக்கறதா?" என்று செங்கல்வராயன் உள்ளிருந்து கத்தினார். தணிகாசலம் ரங்கையாவின் கோடாலியைக் கேட்டு வாங்கினான்.

பானெட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பருத்த முனையை வெட்டினான். பச்சைச் சவுக்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் கார் குலுங்கியது. சிராய்கள் பானெட்டில் தெறித்தன. பாதியில் கோடாலிக் காம்பு கழன்றது. ஒரு கல்லை எடுத்துத் தட்டி இறுக்கிக்கொண்டு மீண்டும் வெட்டினான். பெயிண்டைப் பற்றி அவன் நினைப்பதை நிறுத்தியிருந்தான். பன்னிரண்டு மணிக்கு மேல் ஐந்தடித் துண்டு கீழே விழுந்தது. முன்னால் பாரம் குறைந்ததும் மரத்தின் வால் சாய்ந்து தரையைத் தொட்டது. கட்டியதை எல்லாம் அவிழ்க்க வேண்டும். மரத்தை முன்னே நகர்த்த வேண்டும். மறுபடி கட்ட வேண்டும்.

தணிகாசலம் சாலையிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். 

ரங்கையா சட்டையைக் கழற்றிக் கொட்டகையில் மாட்டிவிட்டு வந்து மரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். செங்கல்வராயன் வயிற்றை எக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகத் தானே வெளியே குதித்தார், முழங்கை சிராய்த்துக்கொண்டது. மூவரும் கட்டை அவிழ்த்து மரத்தை முன்னே நகர்த்தினார்கள். மூன்றாம் தடவை கட்டி முடித்ததும் ரங்கையா தன் சிவப்புத் துண்டிலிருந்து ஒரு முழம் கிழித்து, பின்னால் நீட்டியிருந்த நுனியில் கட்டிவிட்டார். மூங்கிலைத் தூக்கினார். இருவரையும் அவர் மறுபடி பார்க்கவில்லை.

கோயில் மைதானத்துக்குள் கார் நுழைந்தபோது மணி இரண்டே முக்கால். மேளக்காரர்கள் வாசித்துக் களைத்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் காரைச் சூழ்ந்துகொண்டு கயிற்றை அறுத்தது. யாரும் 'ஏன் இவ்வளவு நேரம்' என்றுகூடக் கேட்கவில்லை. மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தணிகாசலம் ஜன்னல் வழியாக இறங்கி வந்தபோது காரைச் சுற்றி வைக்கோல்தான் கிடந்தது.

அர்ஜுன வேஷம் கட்டியிருந்த நெசவாளி தாமோதரன் பக்கத்தில் வந்தார். முகத்து அரிதாரம் வியர்வையில் வழிந்திருந்தது.

"அஞ்சடி கம்மியாமே?"

"ஆமாம்" என்றான் தணிகாசலம், சண்டைக்குத் தயாராக.

தாமோதரன் குரலைத் தாழ்த்தினார். "நல்லதாப் போச்சிப்பா. முப்பதடினா எனக்குத் தல சுத்தும். இத்தினி வருசமா யார் கிட்டயும் சொன்னதில்ல."

படிக்கட்டைகளும் உச்சிப் பலகையும் அடித்து, குழியில் மரத்தை இறக்கிக் கல் போட்டு இறுக்கினார்கள். மஞ்சள் சேலை நனைந்து உடம்போடு ஒட்ட, பதினோரு பெண்கள் வரிசையாக வந்து மரத்தைச் சுற்றிக் குப்புறப் படுத்தார்கள். ஏழாவதாக வந்தவள் இந்திராணி. அவள் கூட்டத்தில் அவனைத் தேடவில்லை. மண் சுட்டிருக்க வேண்டும். படுத்ததும் கைகளை ஒருமுறை தூக்கி மறுபடி ஊன்றினாள். நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டாள்.

தாமோதரன் பாடிக்கொண்டே ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. தணிகாசலத்தின் கண் பாட்டில் இல்லை, அவர் மடியில் இருந்த எலுமிச்சம்பழங்களில் இருந்தது. அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த மரம் அவளுக்கு ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மனசு அடம்பிடித்தது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பழங்கள் விழுந்தன. ஒன்று இந்திராணியின் முதுகில் சரியாக விழுந்தது. விழுந்த வேகத்தில் துள்ளி, பக்கத்தில் படுத்திருந்த ஒரு சின்னப் பெண்ணின் கைக்குப் போனது. அவள் அதைப் பொத்தி மார்போடு வைத்துக்கொண்டாள். இந்திராணி கையை நீட்டவில்லை.

தணிகாசலம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே போனான். "அது இவ மேல வுழுந்தது! எல்லாரும் பாத்தாங்க!" செங்கல்வராயன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். அன்றைக்கு முதல்முறையாக அவரோடு இவன் மல்லுக்கட்டவில்லை.

எல்லாம் முடிந்து இந்திராணி காரிடம் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சேலை காய்ந்து, முகத்தில் மண் ஒட்டியிருந்தது. உடைந்த விளக்கையும், குழிந்த கூரையையும், வெட்டுக்காயம் பட்ட பானெட்டையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பழம் உன்னுது" என்றான் அவன்.

"அந்தப் பொண்ணும் தானே படுத்துகினு இருந்தா. வுடுங்க."

"என் கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிச்சிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான்.  "சிரிச்சிருப்பேன்" என்றான்.

அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மைதானத்தைப் பார்த்தபடி, பல நாள் சொல்லிப் பார்த்துப் பழகியவள் போல ஒரே மூச்சில் சொன்னாள். "திருப்பதில ஒரு டாக்டரம்மா கீறாங்களாம். தனியாப் போனா பாக்க மாட்டாங்களாம். ரெண்டு பேரும் வரணுமாம். ரெண்டு பேரையும் பாப்பாங்களாம்."

"எனக்கு இன்னா? நான் நல்லாத் தானே கீறேன்" என்று அவனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.  வாரத்துக்கு நாலு நாள் அவன் திருப்பதிக்குப் போகிறான். ஊர் ஊராக வந்தவர்களை எல்லாம் ஏற்றிப் போயிருக்கிறான். அவளை ஒரு நாளும் அழைத்துப் போனதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

உரிந்த உள்ளங்கையை ஊதிவிட்டுக்கொண்டான்.

"திங்கக்கெழம திருப்பதிக்கு ஒரு சவாரி வருது. அதுலயே போய்ட்டு வந்துடலாம்" என்றான் கடைசியில்.

"சவாரியோட வேணாம்."

"ஏன்?"

"வேணாம். நாம ரெண்டு பேர் மட்டும்."

கையிலிருக்கும் சவாரியை விடுவதா என்று அவன் முனகினான். விளக்குக்கு வேறு கண்ணாடி வாங்க வேண்டும், ட்யூப் வாங்க வேண்டும் என்றான். அவள் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். முனகிக்கொண்டே முன்னால் போய், ஹேண்டிலைச் செருகி, வண்டியைக் கிளப்பினான்.

"செவ்வாக்கெழம போலாம்" என்றான், உள்ளே ஏறி உட்கார்ந்ததும். "காலையில அஞ்சு மணிக்கு ரெடியா இரு."